பாடாத பூட்டு

எங்கள் அல்பசேதே ஊர் ஸ்டேஷனில் ரயில் நிற்பது கொஞ்ச நேரந்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பிளாட்பாரத்தில் ஒரு திருவிழாவே நடந்து முடிந்துவிடும். இடுப்பில் அகலமான தோல் பட்டை, பட்டையில் வரிசையாகச் செருகிய மடக்குக் கத்திகள், அவற்றோடு ஜன்னல் ஜன்னலாக ஓடும் ஆண்கள். ஒருவன் கத்தியை உருவிப் பயணியின் காதருகே கொண்டுபோய் அலகை மெல்லத் திறப்பான். கிர்ர், கிர்ர் என்று பூட்டின் பற்கள் ஒவ்வொன்றாகப் பேசும். அந்தப் பேச்சில் மயங்கிப் பாதிரியார்கூட ஒரு கத்தி வாங்கிவிடுவார்.

அந்த ஆண்களில் எலாதியோவுக்கு இணை கிடையாது.

"ஐயா, இது கத்தி இல்லைய்யா, வானம்பாடி! பொண்டாட்டி திட்டினா இதைத் திறந்து காட்டுங்க, வாயை மூடிருவா!"

"மூடலேன்னா?" என்று ஜன்னலிலிருந்து யாராவது கேட்பார்கள்.

"இதுலயே சோரிசோ இறைச்சியை நறுக்கித் தின்னுக்கிட்டு, அவ சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருங்க. நான் அப்படித்தான் காலம் தள்ளுறேன்!"

பெட்டியே சிரிக்கும். கத்தி விற்றுவிடும்.

அவன் விற்ற கத்திகளுக்குப் பூட்டு வைத்தவள் அவன் மனைவி பல்பினா. அவளுடைய கதையைத்தான் சொல்ல வந்தேன். அவர்கள் வீட்டு முற்றத்துக்கும் எங்கள் முற்றத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் அழுதால் எனக்குக் கேட்கும். ஆனால் அவள் சத்தம் போட்டு அழுததே இல்லை. அதுதான் என் மனதை இன்னமும் அறுக்கிறது.

மடக்குக் கத்தியின் உயிர் பூட்டில் இருக்கிறது. அலகின் அடிப்பாகம் கைப்பிடிக்குள் ஓர் ஆணியில் சுழலும். அந்த அடிப்பாகத்தின் விளிம்பில் ரம்பம் மாதிரிப் பற்கள் வெட்டியிருக்கும். கைப்பிடியின் முதுகில் நீளமாக ஓர் எஃகு வில். வில்லின் நுனியில் ஒரு சின்ன ஜன்னல். அலகைத் திறக்கத் திறக்க ஒவ்வொரு பல்லும் வில்லை லேசாகத் தூக்கி ஜன்னலுக்குள் விழும். அப்போது வருவதுதான் அந்தச் சத்தம். கடைசிப் பல் மட்டும் மற்றவை போல இல்லை. அது ஆழமாக இறங்கி உட்கார வேண்டும். அதன் முகம் சுவர் போல நேராக நிற்க வேண்டும். நேராக நின்றால், அலகின் முதுகை எவ்வளவு அழுத்தினாலும் கத்தி மடங்காது. கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் போதும், அழுத்துகிற பலமே வில்லை மேலே தள்ளிவிடும். பல் நழுவும். பிடித்திருக்கிற விரல்களின் மேல் அலகு வந்து மூடும். கத்தியை மடக்க வேண்டுமானால் வில்லின் நுனியில் கோத்த வளையத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். வேறு வழியில் அது மடங்கக் கூடாது. அப்படி மடங்காதிருப்பதற்குத்தான் பல்பினாவுக்குக் கூலி.

அவள் அப்பா வில் அடிக்கிறவர். தவழ்கிற வயதிலிருந்து சம்மட்டிச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவள். அப்பாவின் பட்டறையிலேயே அரம் எடுத்துப் பூட்டுப் பொருத்தப் பழகினாள். எலாதியோ அவளைக் காதலித்த விதத்தை எங்கள் தெருவில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். வாராவாரம் ஒரு கத்தியைக் கொண்டு வருவான், "பூட்டு இறுகிப் போச்சு, பாரேன்" என்பான். அவள் பிரித்துப் பார்ப்பாள். உள்ளே மணல் இருக்கும். மூன்றாவது முறை அவள் கத்தியைப் பிரிக்காமலேயே சொன்னாளாம்: "எலாதியோ, மணலை நீயே தட்டிக் கொட்டிட்டு வந்தா கல்யாணத்துக்கு நாள் பாக்கலாம்."

கல்யாணத்துக்குப் பிறகு கத்திப் பட்டறை முதலாளி தோன் கந்திதோவுக்காக வீட்டிலேயே பூட்டுப் பொருத்தினாள்; எலாதியோ விற்றதும் அவர் சரக்குத்தான். ஜன்னலோரம் ஒரு பலகை, இரும்பைக் கவ்விக்கொள்ள ஒரு சின்னப் பிடி, அவளுடைய அரங்கள். அவள் வைத்த பூட்டை ஆடு மேய்க்கிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். தோன் கந்திதோவின் அலகுகளில் ஆட்டுத்தலை முத்திரை இருக்கும். ஆனால் ஆயர்கள் முத்திரையைப் பார்க்க மாட்டார்கள். வில்லின் மேல் கட்டை விரலை வைத்துப் பார்த்து, "இது பல்பினாவோடது" என்பார்கள்.

பிள்ளை இல்லை. கேட்கிறவர்களிடம் எலாதியோ, "அவளுக்கு ஊர் முழுக்கப் பிள்ளைங்க, ஒவ்வொருத்தன் பையிலயும் ஒண்ணு" என்று சொல்லிவிடுவான். அவளும் சிரிப்பாள்.

அவள் காது போய்க்கொண்டிருந்ததை முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று நினைக்கிறேன். சுவருக்கு மேல் தலையை நீட்டி, "பல்பினா அக்கா, பூண்டு இருக்கா?" என்று கேட்டேன். திரும்பவில்லை. மறுபடியும் கேட்டேன். அவளோ ஒரு கத்தியின் கைப்பிடியைத் தாடை எலும்பின் மேல் அழுத்திவைத்துக்கொண்டு, கண்களை மூடி, அலகைத் திறந்துகொண்டிருந்தாள். காது கொடுக்காததை எலும்பு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. தெருப் பெண்கள் பார்த்துவிட்டு, "புருஷனுக்குக் கொடுக்காத முத்தத்தைக் கத்திக்குக் கொடுக்கிறா!" என்று கேலி செய்தார்கள்.

பூட்டில் குறை எதுவும் வரவில்லை. முன்பைவிட உறுதியாகவே இருந்தது. விரலுக்குத் தெரிகிறபடி வில்லைத் தடிமனாக விட்டாள். கடைசிப் பல்லை இன்னும் ஆழமாக இறக்கினாள். ஆனால் தடித்த வில் பாடாது. மெல்லிய வில்தான் பாடும். அவளுடைய கத்திகள் திறக்கும்போது தொப், தொப் என்றன. அவளுக்குத்தான் அது தெரியவில்லை.

ஒருநாள் எலாதியோ பட்டையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தான். அவள் உதட்டைப் பார்த்துப் படிக்கப் பழகியிருந்த காலம் அது. ஆகையால் அவள் முகத்துக்கு நேரே நின்று கத்தினான். எனக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.

"உன் கத்தி எல்லாம் ஊமையாப் போச்சுடி! இன்னிக்கு அலிகாந்தே போற வண்டியில ஒண்ணுகூடப் போகல."

"பூட்டு பிடிக்குதா இல்லையா?"

"பிடிக்குது! கழுதைப் பிடிவாதம் மாதிரி பிடிக்குது. சத்தந்தான் மரக்கரண்டியைப் பானையில தட்டின மாதிரி இருக்கு."

"விரலு போகாம இருக்கணும்னுதானே பூட்டு?"

"வண்டி கிளம்புற அவசரத்துல விரலைப் பத்தி எவன் யோசிக்கிறான்? காதுதான் வாங்குது, பல்பினா, காதுதான் வாங்குது!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு அவன் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மெலிதோனிடம் போனான். மெலிதோன் வேறொரு பட்டறையில் வேலை பார்த்தவன். ஒயின் வாங்கிக் கொடுத்தால் எதையும் ராவித் தருவான். பல்பினா பொருத்திய கத்திகளை அவன் பிரித்து, வில்லை உட்புறமாக ராவி மெலிதாக்கினான். பற்கள் சட்டென்று விழட்டும் என்று அவற்றின் முகத்தையும் கொஞ்சம் சாய்த்தான். கடைசிப் பல்லையும் விடவில்லை. கத்திகள் மறுபடியும் வானம்பாடியாகப் பாடின. வீட்டுக்கு வந்து எலாதியோ, "எல்லாம் வித்துப் போச்சு பல்பினா! உன் கைக்கு ராசி திரும்பிருச்சு!" என்று அவளைத் தூக்கிச் சுற்றினான். அந்தப் பாவி மகள் அன்றைக்கு எனக்கும் ஒரு தட்டு இனிப்புக் கொடுத்தாள்.

பட்டறையை விட்டு வெளியேறிய கத்தியின் பூட்டை யாரும் தொடக் கூடாது என்பது தோன் கந்திதோவின் சட்டம். தொட்டவன் பட்டையைக் கழற்றிவிட்டுப் போக வேண்டியதுதான். எலாதியோவுக்கு அது நன்றாகத் தெரியும்.

செப்டம்பர்ச் சந்தை நாட்கள். ரயிலெல்லாம் கூட்டம். ஜன்னலில் ஒரு பட்டாளத்துப் பையன் கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாட்டெல்லாம் சரி. குத்தும்போது மடங்காதுன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டிருக்கிறான்.

"மடங்குமா? என் பொண்டாட்டியே மடங்க மாட்டா, அவ வச்ச பூட்டா மடங்கும்?" என்று சொல்லி எலாதியோ பக்கத்தில் கிடந்த பழப்பெட்டியில் ஓங்கிக் குத்தினான்.

கடைசிப் பல் நழுவியது. அலகு மடங்கி அவன் வலது கை விரல்களின் மேல் மூடியது. வண்டி கிளம்பிவிட்டது. பட்டாளத்துப் பையன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்திக்கொண்டே போனானாம்.

விரல்கள் கையோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை மடக்குகிற நரம்புகள் அறுந்துவிட்டன. இனிமேல் அந்தக் கையால் ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் தோன் கந்திதோ வந்தார். கத்தியை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் பல்பினா ஏப்ரனைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். நான் அவள் தோளைப் பிடித்திருந்தேன்.

"எலாதியோ, யார் வச்ச பூட்டுப்பா இது?"

எலாதியோ கண்ணை மூடினான். திறந்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"அவ வச்சதுதான், தோன் கந்திதோ."

"வேற யாராவது தொட்டாங்களா?"

"இல்ல."

பெரியவர் கத்தியை அவன் தலைமாட்டில் வைத்தார். "உன் பொண்டாட்டிக்குக் காது போயிருச்சுன்னு ஊரே சொல்லுச்சு. நான்தான் நம்பல. என் தப்பு. நீ கவலைப்படாதே. கை ஆறினதும் பட்டறை வாசல்ல காவலுக்கு உக்காரு. உன்னைப் பட்டினி போட மாட்டேன்."

பல்பினா இரண்டு பேருடைய உதடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை தவறாமல் படித்துவிட்டாள். என் பிடியிலிருந்த அவள் தோள் இறங்குவது எனக்குத் தெரிந்தது. கால்மாட்டிலிருந்து நகர்ந்து போய், கட்டுப் போட்ட கையின் மேல் நெற்றியை வைத்து, "என்னை மன்னிச்சிரு, என்னை மன்னிச்சிரு" என்றாள். அவன் அவளைத் தடுக்கவில்லை. கடவுளே, அந்த ஒரு நிமிஷத்தில் அவன் வாயைத் திறந்திருந்தால்!

திறந்திருந்தால் காவல் வேலையும் கிடைத்திருக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் பல்பினாவைத் திட்டவில்லை. அவளுடைய ஜன்னல் விளிம்பில் கத்திகள் வந்து சேர்ந்தன. அவள் பூட்டுப் பொருத்திய கத்திகள். யார் வைத்தது என்று தெரியாது, சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள். கசில்டா மட்டும் நேரிலேயே வந்தாள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த தோழி.

"தப்பா நினைக்காதே, பல்பினா. பிள்ளைங்க இருக்கிற வீடு. இதை நீயே வச்சுக்க."

"சரி கசில்டா."

"கோவமா?"

"இல்ல. நீ செஞ்சது சரிதான்."

கசில்டாவின் கத்தியைப் பல்பினா கதவிடுக்கில் வைத்து அழுத்திப் பார்த்தாள். தாடையில் வைத்துத் திறந்து பார்த்தாள். பூட்டு மலை மாதிரி நின்றது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதில் நிற்கிற பூட்டு அதில் ஏன் நழுவியது? எலாதியோவிடம் போனாள்.

"அந்தக் கத்தியைக் காட்டுய்யா. எங்க தப்பு பண்ணினேன்னு ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும்."

அவள் கட்டை விரலை அந்த வில்லில் வைத்தால் முடிந்தது என்று அவனுக்குத் தெரியும்.

"கால்வாயில எறிஞ்சுட்டேன். எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கல."

அவள் நம்பினாள். வெயில் காலத்தில் கால்வாயில் தண்ணீர் வற்றியபோது, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கித் தேடினாள். கரையில் நின்ற சலவைப் பெண்கள், "மீன் பிடிக்கிறியா அக்கா?" என்று கேட்டார்கள். முழங்காலளவு சேற்றோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து எலாதியோ எழுந்து கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தான். அவள் ஓடிப்போய் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷமும் தேடினாள்.

பலகையைக் கழற்றி விறகாக்கினாள். அரங்களைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்தாள். பெரிய தெருவில் வக்கீல்கள் வீடுகளில் தரை துடைக்கப் போனாள். ஓர் எஃகு வில் மயிரிழை தடித்தாலும் கண்டுபிடிக்கிற அந்த விரல்கள் சோடாக்காரத்தில் வெந்து வெடித்தன. அந்த வீடுகளில் யாராவது மடக்குக் கத்தியை எடுத்தால்கூட அறையை விட்டு வெளியே போய்விடுவாள். கைகளைப் பார்த்து, "உங்களை நம்பினேனே" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

காலம் ஓடியது. தோன் கந்திதோ போய்ச் சேர்ந்தார். மெலிதோன் வேலை தேடி ஜெர்மனிக்குப் போனவன் திரும்பவில்லை. எலாதியோ காவல் நாற்காலியிலேயே கிழவனானான். ஸ்டேஷன் பிளாட்பாரத்தையே சிரிக்க வைத்தவன், வாசலில் போகிறவர்களுக்கு ஒரு தலையசைப்புக்கு மேல் தர மாட்டான். பல்பினாவின் காது முழுதாக அடைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பல்பினா தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் எலாதியோ நின்று பேசிக்கொண்டிருந்தான்.

"பல்பினா, அந்தப் பூட்டு உன்னோடது இல்ல. மெலிதோன் ராவினான். நான்தான் ராவச் சொன்னேன். உன் கையில ஒரு குத்தமும் இல்ல, தாயே. நான்தான் பாவி. கத்தி கால்வாயில இல்ல. புறாக்கூண்டு ஓட்டுக்கடியில இருக்கு."

கையிலிருந்த துணி நழுவி விழுந்தது எனக்கு.

பல்பினா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவன் உதடு அசைந்ததின் கடைசித் துணுக்கைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

"என்னய்யா? என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல. கொண்டைக்கடலையில உப்பு கம்மி."

"தின்னு முடிச்சப்புறமா சொல்லுவே?" என்று சிரித்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

நான் சுவருக்கு மேல் தலையை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவன் சுருங்கிப் போனான்.

"எலாதியோ அண்ணே. எவ்வளவு காலமா இப்படி முதுகுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க?"

"ஞாயித்துக்கிழமை எல்லாம்."

"பாவமன்னிப்பு கேக்கிறதுக்கு நல்ல சாமியாரைத்தான் பிடிச்சிருக்கீங்க. காது கேக்காத சாமியார்!"

"ரெமே, வேணாம்மா. வெந்த புண்ணு."

"யாரு வெந்தது? நீங்களா? அவ சேத்துல இறங்கித் தேடினப்போ எங்க இருந்தீங்க?"

அவன் செத்த கையை மார்போடு அணைத்துக்கொண்டான். "முதல்ல வேலை போயிரும்னு பயந்தேன். அப்புறம்... அவ என்னை எவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டான்னு உனக்குத் தெரியாது. தான் பண்ணின பாவம்னு நினைச்சுக்கிட்டுத்தான் அப்படிப் பாத்துக்கிறா. சொன்னா அது போயிருமே ரெமே."

"சாயந்தரத்துக்குள்ள நீங்க முகத்தைப் பாத்துச் சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லுவேன். என் உதட்டையும் படிக்கத் தெரியும் அவளுக்கு."

அவன் சொன்னான். முற்றத்துக் கதவைத் திறந்து என்னையும் கூப்பிட்டான்; தனியாகச் சொல்லத் தைரியமில்லை. அவளை வெளிச்சத்தில் உட்கார வைத்து, எதிரே முழங்காலிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"திரும்பச் சொல்லு" என்றாள்.

சொன்னான்.

"இன்னும் ஒரு தடவை."

மூன்றாம் முறை சொல்ல முடியாமல் எழுந்து போய் ஓட்டுக்கடியிலிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தான். துரு ஏறிய கத்தி. ஆட்டுத்தலை முத்திரை பாதி அழிந்திருந்தது. அவள் கைகள் அதைத் தொட மறுத்தன. பிறகு தொட்டன. கட்டை விரல் வில்லின் மேல் போய் நின்றது. வளையத்தை இழுத்துப் பார்த்தாள். கொண்டை ஊசியை எடுத்துக் கடைசிப் பல்லின் முகத்தில் வைத்து, அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தாள். வில்லின் உட்புறத்தில் நகத்தை ஓட்டினாள்.

"குறுக்கே ராவியிருக்கான்" என்றாள். "நான் நீளவாக்குலதான் ராவுவேன். எங்கப்பா குறுக்கே ராவினா கையில அடிப்பாரு." பிறகு, ஒரு குழந்தை கேட்பது போல என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ரெமே, இது என்னோடது இல்லதானே?"

"இல்லக்கா. உன்னோடது இல்ல."

எழுந்தாள். கத்தியைக் கையில் பிடித்தபடி, வீட்டு ஏப்ரனோடு, செருப்பு சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

முதலில் கசில்டாவின் வீடு. அவள் மருமகள் டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தாள். கசில்டா போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"கசில்டா! பாரு! அந்தக் கத்தி. பூட்டு என்னோடது இல்ல. மெலிதோன் குறுக்கே ராவியிருக்கான். பாரு!"

"எந்தக் கத்தி?"

"எலாதியோ கையை வெட்டின கத்தி. அதுக்கப்புறம் நீ என் பூட்டு வேணாம்னு திருப்பிக் கொடுத்தியே."

கசில்டா என்னைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். "நானா? திருப்பிக் கொடுத்தேனா? போடி, நான் ஏன் கொடுக்கப் போறேன்? எனக்கு ஞாபகமே இல்லையே." சிரித்தாள். "உக்காரு, காப்பி குடிச்சிட்டுப் போ. எவ்வளவு நாளாச்சு நீ இந்தப் பக்கம் வந்து!"

"அத்தை, கொஞ்சம் மெதுவா. பாட்டுப் போட்டி நடக்குது" என்றாள் மருமகள்.

பல்பினா பட்டறைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமையானதால் தோன் கந்திதோவின் மகன் மட்டும் கணக்கறையில் இருந்தான். நல்ல பிள்ளை. எழுந்து நாற்காலி போட்டான். கத்தியை வாங்கிப் பார்த்தான். "அப்பா காலத்துச் சரக்கு. பத்திரமா வச்சிருக்கீங்களே அம்மா" என்றான். அவள் பூட்டைப் பற்றிச் சொன்னாள். அவன் மரியாதையாகத் தலையாட்டினான். அவன் பார்வையில் என்ன இருந்தது தெரியுமா? எலாதியோவின் மனைவி தரை துடைக்கிறவள் என்பது மட்டும் இருந்தது. அவள் ஒரு காலத்தில் பூட்டுப் பொருத்தினாள் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

ஜன்னல் விளிம்பில் கத்தி வைத்துவிட்டுப் போனவர்கள் என்று அவள் சந்தேகப்பட்ட ஒவ்வொரு கதவையும் தட்டினாள். ஒரு வீட்டில் செத்துப் போயிருந்தார்கள். ஒரு வீட்டில் வலென்சியாவுக்குக் குடிபோயிருந்தார்கள். ஒரு வீட்டில், "நீங்க எந்தத் தெருப் பாட்டி?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் கத்தியை நீட்டி, "என்னோடது இல்ல" என்றாள். பார்க்கிறவர்கள், கண்டெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, "எங்களோடதும் இல்லம்மா" என்றார்கள்.

வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. எலாதியோ முழங்காலிட்ட இடத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன சொன்னாங்க?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்.

"யாருக்கும் ஞாபகம் இல்ல." கத்தியை மேஜையில் வைத்தாள். "இத்தனை வருஷமா அதைத் தூக்கிச் சுமந்தது நீயும் நானுந்தான்யா. ஊரு அன்னிக்கே இறக்கி வச்சிட்டுப் போயிருச்சு."

"என்னை அடி பல்பினா. திட்டு. ஏதாவது செய்."

அவள் ராச்சாப்பாட்டை எடுத்து வைத்தாள்: சூப்பு, பாலாடைக்கட்டி, முழு ரொட்டி. என்னையும் உட்காரச் சொன்னாள். கை போன நாளிலிருந்து அவனுக்கு ரொட்டியைத் துண்டு போட்டுத் தருவது அவள்தான். அன்றைக்கு ரொட்டியை முழுதாக அவன் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

எலாதியோ இடது கையால் ரொட்டியைப் பிய்க்கப் பார்த்தான். கெட்டி ரொட்டி; வழுக்கிக்கொண்டு போனது. செத்த கையால் அதை மேஜையில் அழுத்திப் பார்த்தான். அது உருண்டு சூப்புக் கிண்ணத்தில் இடித்தது. கண்ணீர் ஒழுக ஒழுக அதைத் துரத்திக்கொண்டிருந்தான். நான் கை நீட்டினேன். பல்பினா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கடைசியில் அவன் குனிந்து, ரொட்டியை வாயாலேயே கடித்துப் பிய்த்தான். அவள் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் முழுவதையும் பார்த்தாள்.

அவள் கொடுத்த தண்டனை அவ்வளவுதான். மறுநாள் காலையில் நான் போனபோது ரொட்டி துண்டு போட்டு வைத்திருந்தது. அவள் ஜன்னலோரம், பலகை இருந்த வெறும் இடத்தில் நின்றுகொண்டு, வெடித்துப் போன தன் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?" என்று அவள் முன்னால் போய் நின்று கேட்டேன்.

"மரத்துப் போச்சு ரெமே" என்றாள். "இப்ப ஒரு வில்லைக் கொடுத்தாலும் தடிப்பா மெலிசான்னு எனக்குத் தெரியாது."